அடுத்த அட்டைக்குப் போன ஐந்து மனுக்கள்

எங்கள் குடிநீர் வாரியத் தலைமை அலுவலகத்தில் தேடல் சாருக்கு என்று ஓர் அறை உண்டு. தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில். நிமிர்ந்தால் தலை இடிக்கும், கையை நீட்டினால் சுவர் இடிக்கும். அதன் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்பக்கக் கைப்பிடி உடைந்து வருடக்கணக்காகிறது. உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டுமானால் சுவரோரமாகப் போகும் தண்ணீர்க் குழாயை இரண்டு தட்டு தட்ட வேண்டும். எதிரே ரெக்கார்டு ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் நான் எழுந்து போய்த் திறந்துவிடுவேன். சாப்பாட்டுக்கும் இரண்டு தட்டுதான், பாத்ரூமுக்கும் இரண்டு தட்டுதான். எது எதற்கு என்பது தட்டுகிற வேகத்திலேயே தெரிந்துவிடும்.

கைப்பிடி கேட்டு ஸ்டோருக்கு எத்தனை சீட்டு எழுதினார் என்று அவருக்கே கணக்கில்லை. ஒவ்வொரு சீட்டும் "ஸ்டாக் இல்லை" என்று திரும்பி வரும். ஸ்டோர்காரர் எங்கள் ஆபீசில் பெரிய புள்ளி. இடுப்பில் நாற்பது சாவி தொங்கும். நடந்தால் மாட்டுவண்டி வருகிற மாதிரி சத்தம். சாவிக்கொத்து அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒரு குண்டூசி வாங்கவும் அவருக்கு இரண்டு நாள் கும்பிடு போட வேண்டும்.

தேடல் சாரின் வேலை என்ன என்று எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வாரியத்தில் பதினோராயிரம் பேர். ஆளுக்கு ஒரு ஃபைல். அந்த ஃபைல்களில் உள்ள ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து, தாளைக் காகிதக் கூழ் ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஏதாவது ஒரு வார்த்தையைப் போட்டால் அது எந்த ஆளின் எந்தத் தாளில் இருக்கிறது என்று அந்தப் பெட்டி நொடியில் சொல்லிவிடும். யாருக்கு முதுகுவலி, யார் மேல் யார் புகார் எழுதினார்கள், யார் தாத்தாவைச் சாகடித்து மூன்று முறை லீவு எடுத்தார்கள், எல்லாம். இருபது வருடமாக நான் வாயால் செய்துவந்த வேலை. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு என்பதை மறைக்கவில்லை.

அந்தத் தேடலைக் கட்டுவதற்காக ஆறு மாதத்துக்கு என்று சொல்லி அவரை இங்கே கொண்டுவந்தார்கள். அவர் மனைவி துறைமுக ஊரில் நர்ஸ். ரயிலில் பத்து மணி நேரம். அப்போது மகளுக்கு மூன்று வயது. "ஆறு மாசம்தானே, பெட்டியைக்கூடப் பிரிக்கப் போறதில்ல" என்று சிரித்துக்கொண்டே வந்த மனிதர். அந்தப் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். ஆபீசுக்குப் பின்தெருவில் அவர் எடுத்திருக்கும் ஒற்றை அறையில், கட்டிலுக்கு அடியில், பிரிக்காமல்தான் இருக்கிறது. வந்து ஆறு வருடம் ஆயிற்று. மகளுக்கு ஒன்பது வயது.

வாரியத்தில் ஒரு விதி உண்டு. இடமாற்றம் கேட்டு வருடத்துக்கு ஒரு மனு கொடுக்கலாம். ஒருவர் ஃபைலில் ஐந்து மனு சேர்ந்துவிட்டால் அவர் பெயர் தானாகவே இடமாற்றப் பட்டியலுக்குப் போய்விடும், எந்த அதிகாரியும் குறுக்கே நிற்க முடியாது. தேடல் சார் வருடம் தவறாமல் மனு போட்டார். மேலாளர் அம்மாவும் வருடம் தவறாமல் "இவர் இல்லாமல் தேடல் நடக்காது, அனுப்ப இயலாது" என்று ஓரத்தில் எழுதினார். இருவருக்கும் இதில் சலிப்பே வரவில்லை. போன வருடம் ஐந்தாவது மனு. "இனிமே யாராலயும் பிடிக்க முடியாது" என்றார் தேடல் சார். அன்றைக்கு எனக்கு டீயோடு பிஸ்கட்டும் கிடைத்தது.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எப்படி அடுக்கியிருக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்துவிட்டது.

முதலில் அவர் ஓர் ஆளைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டித்தான் வைத்தார். லாரி டிரைவர் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். மகள், வயது இருபத்திரண்டு, கல்யாணமானவள். மகன், வயது நான்கு. கொட்டி வைத்ததில் மகன், மகள் ஒரு பக்கமும், இருபத்திரண்டு, நான்கு ஒரு பக்கமும் கிடந்தன. எது யாருடையது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நான்கு வயது மகள் உள்ளவர்களைத் தேடச் சொன்னதும் டிரைவரையும் எடுத்துக் கொடுத்துவிட்டது. வாரிய நர்சரியிலிருந்து அந்தப் பெண்ணுக்குக் கடிதம் போனது, சிலேட்டும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வரும்படி. அவள் புருஷன் கடிதத்தோடு ஆபீசுக்கே வந்து, "மாற்றுத் துணி எதுக்கு சார்?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனித் தாள் என்று பிரித்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள், ஒரு லீவுக்கு ஒரு தாள், ஒரு மனுவுக்கு ஒரு தாள். இப்போது அந்தத் தாள்கள் எந்த ஆளுடையவை என்று சொல்ல வேண்டுமே. அதற்கு இரண்டு வழி. ஒவ்வொரு தாளிலும் சொந்தக்காரரின் எண்ணை எழுதி, தேடும்போதெல்லாம் சரிபார்ப்பது ஒன்று. அது பத்திரம், ஆனால் மெதுவாக நடக்கும். மேலாளர் அம்மா பொத்தானை அமுக்கிவிட்டு மூன்று எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் கண்ணாடியைக் கழற்றுகிற ரகம். அதனால் இரண்டாவது வழி. ஒருவருடைய தாள்களை எல்லாம் வரிசையாக அடுக்கி, கடைசியில் அவர் பெயர், முகவரி எழுதிய அட்டையை வைப்பது. போன அட்டைக்குப் பிறகு, இந்த அட்டை வரைக்கும் என்னென்ன தாள் இருக்கிறதோ எல்லாம் இந்த அட்டையின் பிள்ளைகள். தாளுக்குள் என்ன கையெழுத்து என்று கம்ப்யூட்டர் பார்க்காது. பக்கத்தில் நின்றால் உன் பிள்ளை, அவ்வளவுதான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அட்டையில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கம்ப்யூட்டர் பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புது அட்டை ஒன்றை எழுதி, வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைக்கும். தாள்கள் பழைய இடத்திலேயே நிற்கும். கிழித்த அட்டை வாரக் கடைசியில் பெருக்கித் தள்ளும் வரைக்கும் அங்கேயே கிடக்கும். பெருக்கியதும் அந்தத் தாள்கள் வரிசையில் அடுத்து எவன் அட்டை இருக்கிறதோ அவன் பிள்ளைகள் ஆகிவிடும். அதனால் அட்டையைத் தொட்டால் மொத்தக் கட்டையும் தூக்கி, தாளையும் சேர்த்துப் புதிதாக அடுக்க வேண்டும். "அட்டையை மட்டும் தொடாதீங்க" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். அட்டையை மட்டும் திருத்துகிற வசதியை எல்லோருக்கும் பூட்டிவிட்டார். தனக்கு மட்டும் பூட்டவில்லை.

பட்டியல் வருவதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு மத்தியானம். நான் டீ கொண்டுபோய் உள்ளே வைத்தேன். கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. இருவரும் உள்ளே மாட்டிக்கொண்டோம். யாராவது அந்தப் பக்கம் வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி போன் செய்தார். மெஷின் இரைச்சலில் போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"பாப்பா ஸ்கூல்ல விழுந்துட்டா. கை முறிஞ்சு போச்சு. கட்டுப் போட்டாச்சு" என்றார்.

"ஐயோ. எப்ப?"

"காலைல. உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணிருக்காங்க. எடுக்கல."

"இந்த ரூமுக்குள்ள சில நேரம் சிக்னல் கிடைக்கிறதில்லம்மா."

அவர் மனைவி கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல, அவசரம்னா கூப்பிடறதுக்கு என் நம்பரைத்தானே குடுத்திருக்கீங்க?"

"ஆமா."

"எடுத்துடுங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் வந்து சேரப் பத்து மணி நேரம். என்னைக் கூப்பிட்டு என்ன புண்ணியம்? வாசல்ல ஒருத்தர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்காருன்னு சொல்வீங்களே, அவர் நம்பரைக் குடுங்க. அவராவது கதவைத் திறப்பாரு."

போனை வைத்ததும் தேடல் சார் என்னைப் பார்க்காமல், "உங்க நம்பர் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். விறுவிறுவென்று தட்டினார். ஒரு பொத்தான், அவ்வளவுதான், முடிந்தது. டீயை ஒரே மூச்சில் குடித்தார். பெரிய ஆபீசர் ஒருவருக்கு அவசரத் தொடர்பு நான் என்பதில் எனக்கு இருந்த பெருமையில் எதையும் கவனிக்கவில்லை. அன்று மாலை என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "அப்ப அந்த மனுஷன் ரொம்பப் பாவம்" என்றாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை பட்டியல் வந்தது. கம்ப்யூட்டர் தானே எண்ணிப் போடுகிற பட்டியல், யாரும் தாளைத் திறந்து படிப்பதில்லை. துறைமுக ஊருக்கு ஒரே ஓர் ஆள். அது தேடல் சார் இல்லை. சாவிக்கொத்து அண்ணன்.

சாவிச் சத்தம் மாடியிலிருந்தே கேட்டது. நான் போய் அறைக் கதவைத் திறந்துவிட்டு, மறுபடி சாத்திக்கொள்ளாமல் ஸ்டூலை முட்டுக் கொடுத்தேன்.

"யோவ் தேடல், நான் எப்பய்யா மனு போட்டேன்? அஞ்சு மனு என் ஃபைல்ல இருக்காம்ல. எந்தப் படுபாவி போட்டான்னு பாத்துச் சொல்லு."

"எனக்கும் தெரியல அண்ணே. என் பேரைத்தான் எதிர்பார்த்தேன்."

"உனக்கு வேணும்கிறது உனக்குக் கெடைக்கல, எனக்கு வேணாங்கிறது என் தலைல விழுது. நல்ல மெஷின்யா செஞ்சு வச்சிருக்கே!" கத்திவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. "கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். அவளை விட்டுட்டு ஒரு நாள்கூட நான் வெளியில தங்கினதில்ல. அவ தையல் கடையைப் போட்டுட்டு எங்க வருவா? அந்த ஊர்ல ஒத்த ரூம்ல, தனியா... எப்படிய்யா ஒரு மனுஷன் இருக்கிறது?"

ஆறு வருடமாக அப்படியே இருக்கிறவரிடம் இதைக் கேட்கிறோம் என்பது அண்ணனுக்கு உறைக்கவில்லை. தேடல் சார், "பாத்துச் சொல்றேண்ணே. நீங்க போங்க" என்றார்.

அண்ணன் போன பிறகு அவருடைய ஃபைலைத் திறந்தார். நான் தோளுக்குப் பின்னால் நின்றேன். அண்ணன் துறைமுக ஊரில் மகளை மழலையர் பள்ளியில் சேர்க்க லீவு எடுத்திருந்தார். அவருக்கு இரண்டும் மகன்கள், ஒருவனுக்குத் தாடி இருக்கிறது. அதற்குக் கீழே ஐந்து மனுக்கள். ஐந்திலும் தேடல் சாரின் கையெழுத்து. ஓரத்தில் மேலாளர் அம்மாவின் "அனுப்ப இயலாது", ஐந்து தடவை.

பிறகு தன் ஃபைலைத் திறந்தார். அட்டை இருந்தது. பெயர் இருந்தது, என் போன் நம்பர் இருந்தது. அதற்கு மேலே ஒரு தாள்கூட இல்லை.

அவர் முகத்தைப் பார்த்து நான் பயந்துபோய், "யாரு சார் தொட்டது?" என்றேன்.

"நான்தான்." என் நம்பரை விரலால் தொட்டுக் காட்டினார். "அன்னிக்கு. அட்டையை மட்டும்."

ஊருக்கெல்லாம் எழுதி ஒட்டியவர். அந்தச் சீட்டு அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை.

நான் கொஞ்சம் தந்திரக்காரன். ஊரே சொல்லும். அந்தத் தந்திரத்தை அவருக்கும் கொடுத்தேன். "சார், நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். சத்தமில்லாம உங்க தாளை எடுத்து உங்க அட்டையில வச்சிடுங்க. அடுத்த வருஷம் பட்டியல்ல நீங்க. அண்ணன் போகட்டுமே. கைப்பிடி குடுக்காத ஆளு."

"போயிட்டா?"

"போனா போகட்டும். கடல் காத்து ஒடம்புக்கு நல்லது."

"உண்மையைச் சொன்னேன்னு வைங்க. அம்மா முதல்ல என்ன கேப்பாங்க?" என்றார் அவர். பிறகு தானே பதிலும் சொன்னார். "'இதே மாதிரி வேற எத்தனை?'ன்னு கேப்பாங்க. நான் பூட்டறதுக்கு முன்னால, முதல் வருஷம் டைப்பிஸ்ட்டுங்க எத்தனையோ அட்டையைத் தொட்டிருக்காங்க. சரி பண்ணிட்டேன்னு நெனச்சேன். என்னோடதையே பாக்கலியே. சொன்னா மொத்தத்தையும் பிரிச்சு, ஒவ்வொரு தாள்லயும் நம்பர் எழுதி, முதல்லேர்ந்து அடுக்கச் சொல்வாங்க. அதை முடிக்காம என்னை இங்கேர்ந்து விடவே மாட்டாங்க."

"அப்ப வாயைத் திறக்காதீங்க. ஒரே வருஷம். பட்டியல் வெள்ளிக்கிழமையோட முடியுது. அதுக்கப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க."

வியாழக்கிழமை முழுக்க அவர் குழாயைத் தட்டவில்லை. சாப்பாட்டுக்கும் தட்டவில்லை. நானே போய்த் திறந்து பார்த்தேன். திரையில் அந்த முதல் மனுவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் மகளுக்கு நான்கு வயது ஆகிறது" என்று ஆரம்பிக்கும் மனு.

"அவரு என்ன கேட்டாரு பாத்தீங்களா?" என்றார். "ஒத்த ரூம்ல தனியா எப்படி இருக்கிறதுன்னு. எனக்குப் பதில் தெரியுமே. ஆறு வருஷமாத் தெரியுமே. தெரிஞ்சுக்கிட்டே எப்படி அனுப்பறது?"

வெள்ளிக்கிழமை காலையில் மேலாளர் அம்மாவின் அறைக்குப் போனார். ஃபைல் தூக்குகிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். அவர் சொல்லி முடிக்கும் வரை அம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை. முடித்ததும் கழற்றினார்.

"இதே மாதிரி வேற எத்தனை?"

"நேத்துப் பாத்தேன் மேடம். தாள்ல ஒரு பேரு, அட்டைல ஒரு பேரு. முந்நூத்திப் பன்னெண்டு."

"முந்நூறு பேரோட புருஷன், பொண்டாட்டி, பிள்ளை குட்டி எல்லாம் வேற வீட்டுல இருக்காங்கன்னு சொல்றீங்க."

"ஆமா மேடம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒவ்வொரு தாளுக்கும் நம்பர் போடணும். ஒத்த ஆளா செஞ்சா பதினாலு மாசம். ஆனா மேடம், என்னோட அஞ்சு மனு..."

"அதுக்கு யாரு இல்லைங்கிறது?" அம்மா அங்கேயே பட்டியலில் ஸ்டோர்காரர் பெயரை அடித்தார். அதன் மேல் தேடல் சாரின் பெயரை எழுதி, ஆர்டரில் கையெழுத்தும் போட்டு நீட்டினார். தேடல் சார் வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"மேடம், விடுவிக்கிற தேதி போடலியே."

"வேலை முடிஞ்சதும் போட்டுக்கலாம்."

"அஞ்சு மனு இருந்தா யாரும் தடுக்கக் கூடாதுன்னு விதி மேடம்."

"தடுக்கலையே சார். ஆர்டர் குடுத்தாச்சே. தேதிதான் போடல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த ஃபைலை இழுத்தார்.

படி இறங்கினோம். அவர் ஆர்டரை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக அறைக்குப் போனார். நான் ஸ்டூலுக்குத் திரும்பினேன், கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் சாவிச் சத்தம் வந்தது, வழக்கத்தைவிட மெதுவாக. சாவிக்கொத்து அண்ணன் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும், எண்ணெய்த் தாளில் சுற்றிய புத்தம்புதுப் பித்தளைக் கைப்பிடியும் இருந்தன.

"ஸ்டாக் இல்லேன்னீங்களேண்ணே?" என்றேன்.

"நேத்து வந்துச்சு."

சுற்றியிருந்த தாளில் தூசி விரல் கனத்துக்கு இருந்தது. நான் ஊதிக் காட்டினேன்.

"ஒனக்கு வாய் ரொம்பய்யா" என்றவர், முட்டி போட்டு உட்கார்ந்து தானே அதைக் கதவில் பூட்டினார். நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தார். தேடல் சாரைப் பார்த்து, "எங்க வீட்டம்மா ஞாயித்துக்கிழமை உங்களைச் சாப்பிட வரச் சொன்னா. தனியா உக்காந்து சாப்பிட வேணாம்" என்றார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். சாவிச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

தேடல் சார் திரும்பி உட்கார்ந்தார். "முந்நூத்திப் பன்னெண்டுல முதல்ல என்னுதைச் செய்யறேன். அவ்வளவு உரிமையாவது இருக்குல்ல?" என்றார். அண்ணனின் கட்டையும் தன் கட்டையும் முழுசாக வெளியே எடுத்தார். கையெழுத்துப் பார்த்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் சொந்தக்காரரின் எண்ணை எழுதினார். பள்ளிக்கூட லீவு, அம்மை போட்ட லீவு, ஐந்து மனு. கடைசியாக அட்டை. அதில் என் போன் நம்பரை அழித்துவிட்டு மனைவியின் நம்பரைப் போட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "நான் இருக்கேனே சார், இதோ வாசல்ல" என்றேன்.

"நீங்க கதவைத் திறக்கறதுக்குத்தானே? இப்பத்தான் கைப்பிடி வந்திடுச்சே." பொத்தானை அமுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசித்தார். தாள்களோடு இன்னொன்றைச் சேர்த்தார். இந்த வருடத்து மனு, ஆறாவது. "என் மகளுக்கு ஒன்பது வயது ஆகிறது" என்று ஆரம்பித்திருந்தார்.

"ஆர்டரே வந்தாச்சு. இன்னும் எதுக்கு சார் மனு?"

"தேதிக்கு."

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. தொண்ணூறு குடும்பம் அவரவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது, மிச்சம் இருநூற்று இருபத்திரண்டு என்று நேற்றுச் சொன்னார். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பித்தளைக் கைப்பிடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளேயிருந்து அதைத் திருப்பினால் போதும், கதவு திறக்கும். அவர் குழாயைத்தான் தட்டுகிறார், இரண்டு தட்டு. நானும் எழுந்து போய்த் திறந்துவிடுகிறேன்.